படத்தொலைபேசியும் அதன் பாவனையாளரும்

ஒரு கருவி செவ்வனே இயங்குவது வேறு. அது மக்களின் அன்றாடப் பாவனைக்கு வருவது வேறு. இவ்வேறுபாட்டினைத் தெளிவுறக் காட்டும் சான்றுகளுள் ஒன்று, அமெரிக்காவின் பெல் நிறுவனம் உருவாக்கிய ‘பிக்சர்போன்’ எனும் படத்தொலைபேசியாகும்.

1964 இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் இக்கருவி பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. அவ்வாண்டிலேயே நியூயோர்க், சிக்காகோ, வாஷிங்டன் ஆகிய நகரங்களில் படத்தொலைபேசிக் கூடங்கள் திறக்கப்பட்டன. மூன்று நிமிட உரையாடலுக்குத் தூரத்துக்கேற்ப 16 முதல் 27 டொலர் வரை அறவிடப்பட்டது. இரு முனையிலுள்ளோரும் நேரங்குறித்துத் தத்தம் நகரக் கூடத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது. வீட்டிலிருந்தவாறே பேசுவதற்கென எழுந்த தொலைபேசி, மனிதரை மீண்டும் வீதிக்கு அழைத்தது எனலாம்.

1970 இல் பிற்ஸ்பேர்க் நகரில் வணிகச் சேவை தொடங்கியது. மாதக் கட்டணம் 160 டொலர். குரலைக் கடத்துவதைவிடப் படத்தைக் கடத்துவதற்குச் சில நூறு மடங்கு அகன்ற அலைவரிசை வேண்டியிருந்தது. ஆதலால் ஒவ்வொரு கருவிக்கும் மூன்று சோடிக் கம்பிகள் தேவைப்பட்டன: குரலுக்கு ஒன்று, படத்தை அனுப்ப ஒன்று, பெற ஒன்று. அப்பத்தாண்டு முடிவதற்குள் சேவை கைவிடப்பட்டது.

தம்மைப் பிறர் காண்பதை மக்கள் விரும்பாமையே தோல்விக்குக் காரணம் என்பாரும் உளர். இக்கருத்து ஏற்புடையதன்று, மனித இயல்பு ஐம்பது ஆண்டுகளில் மாறிவிட்டதெனக் கொள்ளுதல் கடினம். கட்டணமும் காரணமே, ஆயினும் அது முழுக் காரணமன்று. குளிர்சாதனப் பெட்டி வாங்குபவர், அயலவரிடமும் அஃது உண்டா என வினவுவதில்லை. படத்தொலைபேசியை வாங்குபவரோ மற்றவரிடமும் அது இருந்தாலன்றிப் பயன்பெறார். முதலில் வாங்குபவர் யார் என்பதே இங்கு எழும் சிக்கல்.

இச்சிக்கல் தீர்க்கப்படவில்லை, மறைந்துபோயிற்று. ஸ்கைப் 2006 இலும் வட்ஸ்அப் 2016 இலும் படவழி அழைப்பை வழங்கியபோது, பலர் அதற்கென ஒரு கருவியை வாங்க வேண்டியிருக்கவில்லை. வேறு தேவைக்காக வாங்கிய கணினிகள், கைத்தொலைபேசிகள் பலவற்றில் கமரா ஏற்கெனவே அமைந்திருந்தது.

புலம்பெயர்ந்தோர் மிகுந்த எமது சமூகத்தில் இதன் பயன் விரித்துரைக்க வேண்டாதது. ரொறன்ரோவிலுள்ள பேரப்பிள்ளையை யாழ்ப்பாணத்து மூதாட்டி இன்று நாள்தோறும் காண்கிறார். எனினும் பழக்கங் காரணமாக அவர் கருவியைக் காதில் வைத்துக்கொள்வதும் உண்டு. அவ்வேளை பேரப்பிள்ளை காண்பது அம்மம்மாவின் காதை மட்டுமே. அதனைத் திருத்தி முகத்துக்கு நேரே பிடிப்பதற்குள், மாதத்துக்கெனச் செலுத்திய தரவு தீர்ந்து, உரையாடல் இடையில் அறுந்துபோவதும் உண்டு.