சமவெளியில் வெள்ளைப்பூண்டு: விதைக்கும் குளிர் வேண்டும்



பூண்டு விலை ஏறும்போதெல்லாம், "நம் தோட்டத்திலும் போட்டால் என்ன?" என்ற ஆசை எழுவது இயல்பு. சந்தையில் வாங்கிய பூண்டை ஊன்றிய சிலர் நல்ல இலை வளர்ச்சியைக் கண்டு மகிழ்ந்து, தோண்டும்போது ஈர வெங்காயத்தாள் போன்ற அடியையோ ஒற்றைப் பல்லையோ கண்டு ஏமாறுகின்றனர். விதைக்கே பெருந்தொகை செலவாகும் பயிர் இது. ஆகவே காரணத்தை அறிந்து இறங்குவது நல்லது.

காய் ஏன் திரளுவதில்லை?

பூண்டுப் பல், முதலில் குளிரையும் பின்னர் நீளும் பகலையும் மிதமான வெப்பத்தையும் உணர்ந்தால்தான் பிரிந்து காயாகத் திரளும். பூண்டுக்குப் பெயர்பெற்ற மத்தியப்பிரதேசத்தின் மந்தசௌர், நீமச் பகுதிகளில் கார்த்திகை, மார்கழி இரவுகள் நன்கு குளிர்கின்றன. கோடை நெருங்க நெருங்கப் பகலும் நீளுகிறது. நமக்கோ இரண்டும் குறைவு. கோயமுத்தூரில் ஆண்டின் மிகச்சிறிய பகல் சுமார் 11½ மணி; மிகப்பெரிய பகல் சுமார் 12¾ மணிதான். டில்லியில் அது 14 மணி வரை நீளும். எனவே நீண்ட பகலை நாடும் இரகங்கள் இங்கு இலையோடு நின்றுவிடும்.

2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு வடுகபட்டிச் சந்தையில் கிடைக்கிறது. மணமும் காரமும் மிக்கது. ஆனால் அது மலைக்குளிரில் விளைந்து பழகியது. அதைச் சமவெளிக்கு விதையாக வாங்க வேண்டாம்.

இடமும் இரகமும்

ஓசூர், தாளவாடி போன்ற, இரவு குளிரும் மேட்டுப்பகுதிகளே முதல் தரம். கடலோர மாவட்டங்களில் இலாப நோக்கில் இறங்க வேண்டாம்.

பூந்தண்டு விடாத, கழுத்து மென்மையான இரகங்களே வெப்பப் பகுதிக்கு ஏற்றவை. யமுனா சபேத், அக்ரிபவுண்டு ஒயிட், பீமா ஓம்கார், பீமா பர்ப்பிள் ஆகியவற்றில் ஒன்றை நம்பகமான இடத்திலிருந்து விதைப்பூண்டாகவே பெறுங்கள்.

விதைக்குக் குளிரூட்டல்

வயலில் கிடைக்காத குளிரை விதைக்கு முன்கூட்டியே ஓரளவு கொடுக்கலாம். முழுப் பூண்டுகளை உடைக்காமல், காற்றோட்டமுள்ள துணிப்பையில் இட்டு, 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் குளிரில் 4 முதல் 6 வாரம் வையுங்கள். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டு போதும். பனிக்கட்டி உறையும் அறையில் வைக்கக்கூடாது. ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அளவுக்கு மீறி நாள் கடத்தினால் பக்கக்குருத்துகள் வெடித்துக் காய் கோணலாகும். வெளியே எடுத்ததும் தாமதமின்றி ஊன்றிவிட வேண்டும்.

நடவு

புரட்டாசிப் பிற்பாதியில் குளிரில் வைத்தால், ஐப்பசிக் கடைசி முதல் கார்த்திகை முதல் வாரத்துக்குள் நடலாம். பிந்தி நட்டால், காய் திரளும் முன்பே வெயில் முந்திக்கொள்ளும். அடைமழை நீர் தேங்காதபடி மேட்டுப்பாத்தி அமையுங்கள். நடும் நாளில்தான் பற்களைப் பிரிக்க வேண்டும். வெளிப்புறத்துப் பெரிய பற்களை மட்டும் எடுத்து, உள்ளிருக்கும் மெலிந்தவற்றைச் சமையலுக்கு ஒதுக்குங்கள். நுனி மேலாக, 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில், வரிசைக்கு வரிசை 15 செ.மீ., பல்லுக்குப் பல் 10 செ.மீ. இடைவெளியில் ஊன்றுங்கள். ஏக்கருக்கு 200 முதல் 250 கிலோ விதை தேவை. நட்டபின் வைக்கோல் மூடாக்கு இட்டால் மண் குளிர்ச்சியாக இருக்கும், களையும் குறையும்.

உரமும் நீரும்

மண் பரிசோதனைப்படி உரமிடுவதே சிறந்தது. பரிசோதனை செய்யாதவர்கள் நன்கு மட்கிய தொழுஉரத்துடன் ஏக்கருக்கு 125 கிலோ சூப்பர் பாஸ்பேட், 33 கிலோ பொட்டாஷ் ஆகியவற்றை அடியுரமாக இடலாம். சூப்பர் பாஸ்பேட்டில் பூண்டின் காரத்துக்கு வேண்டிய கந்தகமும் உண்டு. மொத்தம் 87 கிலோ யூரியாவை அடியுரமாகவும், 30, 45-ஆம் நாட்களில் மேலுரமாகவும் மூன்று பங்காகப் பிரித்து இடுங்கள். அதன்பின் தழைச்சத்து கொடுத்தால் இலைதான் கொழுக்கும்.

மண்ணைப் பார்த்து 7 முதல் 10 நாட்களுக்கு ஒருமுறை நீர் பாய்ச்சுங்கள். அறுவடைக்கு 15 நாள் முன்பு நிறுத்திவிடுங்கள். இலைகளில் வெள்ளிநிறத் திட்டுகள் தோன்றினால் அது இலைப்பேனின் வேலை. 5 சத வேப்பங்கொட்டைச் சாறு தெளியுங்கள்.

அறுவடை

110 முதல் 130 நாளில் இலைகள் மஞ்சளாகிக் கழுத்து தளர்ந்து சாயும். இலையோடு தோண்டி, காயின்மேல் வெயில் படாதவாறு நிழலில் ஒரு வாரத்துக்கு மேல் உலர்த்துங்கள். மென்மையான கழுத்து இங்கே உதவுகிறது: தாள்களைப் பின்னிக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டால் நெடுநாள் கெடாது.

முதலில் ஒரு சென்ட்

உங்கள் மண்ணுக்கும் குளிருக்கும் இது பொருந்துமா என்பதை உங்கள் வயலே சொல்ல வேண்டும். முதல் ஆண்டில் ஒரு சென்ட் மட்டும் நடுங்கள். இரண்டரைக் கிலோ விதை போதும். பாதிக்குக் குளிரூட்டிய பற்கள், பாதிக்குக் குளிரூட்டாதவை. அறுவடையில் இரண்டையும் தனித்தனியே எடை போட்டுக் குறித்துவையுங்கள். பல் பிரிந்த காய்கள் கிடைத்தால், அவற்றில் பெரியவற்றை விதைக்கு நிறுத்திக்கொண்டு அடுத்த ஆண்டு பரப்பைக் கூட்டலாம். கிடைக்காவிட்டால், இழப்பு இரண்டரைக் கிலோவோடு நிற்கும். ஏக்கர் விதைக்கான கடன் தலைமேல் ஏறாது.