முதலின்றிக் கற்பிக்கப்படும் முயற்சியாண்மை

க.பொ.த. சாதாரண தரத்தில் தொழில்முயற்சியாண்மை ஒரு தெரிவுப் பாடமாக இடம்பெற்று வருகின்றது. வணிகத் திட்டம் வரைதல், சந்தையை ஆராய்தல், செலவையும் விலையையும் கணித்தல் என்பன மாணவருக்குப் போதிக்கப்படுகின்றன. ஆனால், வரைந்த திட்டத்தை ஒரு மாதமேனும் நடத்திப் பார்க்கச் சிறு தொகையைத் தருபவர் யார் என்ற வினாவுக்குப் பாடநூல் விடை கூறுவதில்லை. பரீட்சைப் புள்ளியும் அதில் தங்கியிருப்பதில்லை.

இந்த இடைவெளி தெளிவாகத் தெரியும் இடங்களுள் ஒன்று திருகோணமலை. ஓர்ஸ் ஹில் என ஆங்கிலத்தில் வழங்கும் உவர்மலையில் ஆளுநர் செயலகமும் விவேகானந்தா கல்லூரியும் அமைந்துள்ளன. அப்பால் உட்துறைமுகம், மாவாலை, சீமெந்துத் தொழிற்சாலை, எண்ணெய்க் குதங்கள். இத்தனை வணிகத்துக்கு நடுவே படிக்கும் பிள்ளையிடம் எதிர்காலம் பற்றிக் கேட்டால், அரச உத்தியோகம் என்ற பதிலே பெரும்பாலும் வரும். அதில் பிள்ளையின் குற்றம் எதுவுமில்லை. மாதச் சம்பளம் ஒன்றே நிச்சயமானது என்பதை யுத்தமும், 2004 ஆழிப்பேரலையும், 2022 பொருளாதார நெருக்கடியும் பெற்றோருக்குக் கற்பித்துவிட்டன.

தொழில் சார்ந்த கல்வி நமக்குப் புதியதன்று. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைப் பாடசாலைகளுக்குள் கொண்டுவந்தது. 1977இல் ஆட்சி மாறிய பின்னர் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. பயிற்சி பெற்ற ஆசிரியரும் உபகரணமும் போதாமை அதற்கு ஒரு காரணம். இது இரண்டாந்தரக் கல்வி எனப் பெற்றோர் கொண்ட ஐயம் மற்றொன்று.

இரசாயன ஆய்வுகூடத்தில் ஒரு மாணவர் அமிலத்தைப் பயன்படுத்தித் தீர்த்தால் அதன் விலையை எவரும் திருப்பிக் கேட்பதில்லை. அது கற்றலுக்கான செலவு. பாடசாலைகளுக்குக் கிடைக்கும் தர உள்ளீட்டு நிதி இத்தகைய நுகர்வுப் பொருட்களுக்காகவே உள்ளது. அதே பாடசாலையில் ஐந்து மாணவர் கிண்ணியாவிலிருந்து எருமைத் தயிர் வாங்கி நகரில் விற்க முனைந்து, ஒரு நாள் வெயிலில் பத்துச் சட்டிகள் பழுதாகி நட்டப்பட்டால் அது மட்டும் ஏன் குற்றமாக வேண்டும்? கொள்வனவு விலை, சட்டியின் விலை, போக்குவரத்துச் செலவு, பழுதாகும் அளவு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்காமல் விலை குறிக்கக் கூடாது என்பதை அந்தப் பத்துச் சட்டிகள் கற்பிப்பது போல் கரும்பலகை கற்பிக்காது.

அயல்நாட்டு முன்னுதாரணம் ஒன்று உண்டு. டில்லி அரசு 2019இல் தன் பாடசாலைகளில் 9 முதல் 12 வரையான வகுப்புகளுக்கு முயற்சியாண்மைப் பாடத்திட்டத்தைத் தொடங்கியது. 2021இல், 11ஆம் 12ஆம் வகுப்பு மாணவர் ஒருவருக்கு 2,000 இந்திய ரூபா வீதம் தொடக்க நிதி வழங்கும் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. ஏறத்தாழ 3 இலட்சம் மாணவருக்காக 60 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது. விளம்பர ஆரவாரம் அதில் சற்று மிகுதி என்பது நமது அபிப்பிராயம். எனினும், பணம் கடனாக அன்றிக் கல்விச் செலவாகவே வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெற்றது என்பது கவனிக்கத்தக்கது.

கடன் என்ற சொல்லில் நாம் மிகுந்த அவதானத்துடன் இருத்தல் வேண்டும். வடக்கு, கிழக்கில் நுண்கடன் பல குடும்பங்களை எந்நிலைக்குத் தள்ளியது என்பது யாவரும் அறிந்ததே. வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு 2018இல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. தாய் வாரத் தவணைக்கு அஞ்சி ஒளிந்த வீட்டில், மகளுக்கு வட்டிக் கடனை வணிகத்தின் முதற் பாடமாக்குவது பெருந்தவறு.

முஸ்லிம் மாணவர்களைப் பொறுத்தவரை வட்டி மார்க்கத்தால் தடுக்கப்பட்டது. அதற்கு மாற்றான வழிகளும் அம்மரபிலேயே உள்ளன. கர்ழன் ஹஸனா என்பது வட்டியற்ற கடன். முழாரபாவில் ஒருவர் முதலையும் மற்றவர் உழைப்பையும் இடுவர். இலாபம் முன்னர் இணங்கிய விகிதப்படி பகிரப்படும்; உழைத்தவரின் கவனயீனமின்றி நேரும் பண நட்டம் முதலிட்டவரையே சாரும். பாடசாலை நிதியொன்றுக்கு இதைவிடப் பொருத்தமான விதியைக் காண்பது அரிது. தமிழ் மாணவருக்கும் அது நியாயமாகவே தோன்றும். ஸகாத் குறித்த எட்டுப் பிரிவினருக்கே உரியது என்பதால், ஸதகாவும் வக்ஃபு வருமானமும் இதற்கு ஏற்றவை. ஆலய பரிபாலன சபைகளும் பழைய மாணவர் சங்கங்களும் இதே நிதிக்குப் பங்களிக்க முடியும்.

தேவைப்படும் தொகை மலைப்பூட்டுவதன்று. ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு 10,000 ரூபா எனில், இருபது குழுக்களுக்கு 2 இலட்சம் ரூபா போதும். ஒரு பாடசாலையின் பரிசளிப்பு விழாச் செலவோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பணம் மாணவர் கையில் தனிக்கடனாக அன்றி, அதிபரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பொருளாளரும் கையொப்பமிடும் கணக்கில் இருத்தல் வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவரைக் கடன் ஒப்பந்தத்தில் சிக்க வைக்கவும் கூடாது. ஈட்டிய இலாபத்தில் ஒரு பங்கு நிதிக்குத் திரும்பினால் அடுத்த ஆண்டுக் குழுக்களுக்கு அது உதவும். கணக்கை மாணவரே எழுதிப் பாடசாலை அறிவித்தற் பலகையில் இடட்டும்.

அதிபர்கள் தயங்குவது பணத்துக்காக அல்ல, கணக்காய்வுக்காகவே. மாகாணக் கல்வித் திணைக்களம் ஒரு சுற்றறிக்கை மூலம் இதற்கு அனுமதியளித்து, நிதியில் எத்தனை வீதம் நட்டமாகலாம் என்பதையும் முன்கூட்டியே வரையறுத்துவிட்டால், ஆண்டிறுதியில் பத்துத் தயிர்ச் சட்டிகளுக்காக எந்த அதிபரும் விளக்கக் கடிதம் எழுத வேண்டி வராது.