அட்டைப் பெட்டிக்குள் ஒரு நாதம்

ஸ்பெயின் தேசத்தின் பார்ஸிலோனா நகரத்தில் சங்கீத வாத்தியங்களுக்கென்றே ஒரு பொருட்காட்சிசாலை இருக்கிறது. அங்கே போற்றிக் காக்கப்பட்டுவரும் கிட்டார்களில் ஒன்று பார்ப்பவர்களைச் சற்றுத் திகைக்க வைக்கும். அதன் முகம் வழக்கம்போல் மெல்லிய மரப்பலகையே. ஆனால் முதுகும் பக்கங்களும் மரமல்ல. வெறும் காகித அட்டை! பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து இடித்து, நம் வீட்டுப் பாட்டிமார்கள் கூடை செய்வதுண்டல்லவா? அந்தக் கூடைக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்றே இந்த வாத்தியத்தைச் சொல்லலாம்.

இதை 1862-ம் வருஷத்தில் செய்தவர் மரம் வாங்க வகையில்லாதவர் என்றோ, வேடிக்கைக்காகச் செய்தார் என்றோ எண்ணிவிடக் கூடாது. அவர் பெயர் அந்தோனியோ தெ தோரஸ். இன்று உலகமெங்கும் கச்சேரி மேடைகளில் காணப்படும் கிட்டாருக்கு உருவமும் அளவும் வகுத்துக் கொடுத்தவர் அவரே. கிட்டாரின் குரல் அதன் முகப்பலகையில்தான் இருக்கிறது, மற்ற பாகங்களெல்லாம் அதற்குத் துணையே என்பது அவருடைய சித்தாந்தம். அந்தச் சித்தாந்தத்தை வாயால் வாதாடிக்கொண்டிராமல் கையால் செய்தே காட்டிவிட்டார். அட்டைக் கிட்டார் ஊமையாக இருந்துவிடவில்லை, நன்றாகவே பேசிற்று.

அவர் சொன்னதன் உண்மையை நாம் சுலபமாக அறிந்துகொள்ளலாம். ஒரு தந்தியை இரண்டு ஆணிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டி மீட்டினால் எவ்வளவு ஓசை வரும்? பக்கத்தில் இருப்பவருக்கே கேட்பது கஷ்டம். தந்தி மிக மெல்லியதாகையால், அது காற்றை வெட்டிக்கொண்டு போகுமே ஒழியத் தள்ளுவதில்லை. தந்தியின் துடிப்பைக் குதிரையானது முகப்பலகைக்கு ஒப்படைக்கிறது. அகன்ற பலகை அசையும்போது காற்றும் அசைகிறது, ஓசை பிறக்கிறது. பலகையின் நடுவிலுள்ள வட்டமான துவாரத்துக்கும் ஒரு வேலை உண்டு. வாய் குறுகிய குடத்தின் வாயருகே ஊதினால் ‘கும்’மென்று ஒரு நாதம் எழுகிறதல்லவா? அதேபோலக் கிட்டாரின் வயிற்றுக்குள் அடைபட்ட காற்றும் தனக்கென ஒரு சுருதி வைத்துக்கொண்டிருக்கிறது. வினாடிக்குச் சுமார் 100 அதிர்வுகள் உள்ள அந்தச் சுருதிதான் மந்தர ஸ்தாயித் தந்திகளுக்குக் கனத்தைக் கொடுப்பது.

ஆனால் பலகையை அமைப்பதில் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. ஆறு தந்திகளும் சுருதி கூடி நிற்கும்போது ஏறத்தாழ 40 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு ஏற்படுகிறது. அதைத் தாங்கவேண்டிய பலகையின் கனமோ இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர்தான். கனத்தைக் கூட்டினால் வாத்தியம் நெடுநாள் உழைக்கும். ஆனால் குரல் எழும்பாது. குறைத்தால் குரல் ‘கணீ’ரென்று கிளம்பும், ஆனால் மீட்டிய ஸ்வரம் நிலைத்து நிற்காமல் சட்டென்று அணைந்துபோகும், பலகையும் நாளடைவில் வளைந்து கொடுத்துவிடும். எடையில்லாமல் உறுதி வேண்டும். இதற்காகவே, குளிர்ப் பிரதேசத்து மலைகளில் மெள்ள மெள்ள வளரும் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தை ஐரோப்பியத் தச்சர்கள் பொறுக்கியெடுத்தார்கள். அப்படியும் போதாமல், பலகையின் அடிப்புறத்தில் மெல்லிய மரச் சட்டங்களை ஒட்டினார்கள். தோரஸ் அவற்றை விசிறியின் மட்டைகளைப்போல் ஏழாக விரித்து வைத்தார். விசிறி அமைப்பு அவர் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல; அதற்கு முந்திய நூற்றாண்டிலேயே அந்த நாட்டுத் தச்சர்கள் சிலர் கையாண்டதுதான். வாத்தியத்தின் உடலை அகலப்படுத்தி, முகத்தைச் சிறிது குவிந்ததாக்கி, தந்தியின் நீளத்தை 650 மில்லிமீட்டராக நிலைநாட்டி, இவையெல்லாம் ஒன்றுக்கொன்று இசையும்படி விசிறியையும் சேர்த்து அமைத்தாரே, அதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது.

இவ்வளவு பெரிய சிற்பியின் வாழ்க்கை செழிப்பாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. 1817-ம் வருஷம் அல்மேரியா என்னும் ஊரையடுத்துப் பிறந்த அவர், சாதாரணத் தச்சராகவே தொழிலைத் தொடங்கினார். ஸெவில் நகரத்துக்கு வந்து கிட்டார் செய்து பெயர் பெற்றார். 1858-ல் அங்கே நடந்த கண்காட்சியில் அவருக்கு ஒரு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. பதக்கத்தைக் கொண்டு அடுப்பெரிக்க முடியுமா? 1870-ம் வருஷத்தையொட்டிச் சொந்த ஊருக்குத் திரும்பி, பீங்கான் சாமான் கடை வைத்துவிட்டார்! கலையின் வரலாற்றில் இப்படிப்பட்ட கடைகள் எத்தனையோ! நல்லவேளையாக, சில வருஷங்களுக்குப் பின் மறுபடியும் உளியைக் கையில் எடுத்தார். 1892-ல் இறக்கும்வரையில் கீழே வைக்கவில்லை.

தம் தொழில் ரகசியத்தை அவர் ஒருவருக்கும் காட்டியதில்லை என்று ஊரில் பேச்சு இருந்ததாம். அவருக்குச் சிநேகிதராயிருந்த பாதிரியார் ஒருவர் பல வருஷங்கள் கழித்து எழுதிய கடிதத்தில் இதைப் பற்றிக் குறிப்பிட்டிருக்கிறார். ரகசியத்தை உலகத்துக்குச் சொல்லிவிட்டுப் போகலாகாதா என்று அவர் கேட்டதற்கு, அதை எப்படிச் சொல்வது என்கிற முறையில் தோரஸ் பதில் கூறினாராம். பலகை போதுமான அளவு இழைத்தாயிற்றா என்பதைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்துப் பார்த்து அறிவதுதான் ரகசியம். விரலின் உணர்ச்சியை ஏட்டில் எழுதி வைக்க முடியாதல்லவா!

இருந்தாலும், ஏட்டில் எழுத முடியாததைக் காதால் கேட்டுப் பின்தொடர்ந்தவர்கள் உண்டு. வித்வான் ஆந்திரேஸ் ஸெகோவியா, மாத்ரித் நகரத்து மானுவேல் ராமிரெஸின் பட்டறையில் 1912-ல் செய்த கிட்டாரை வாசித்து வந்தார். 1924-ல் அவர் ஜெர்மனியில் மியூனிக் நகரத்துக்குச் சென்றபோது, ஹெர்மன் ஹௌஸர் என்ற வாத்தியத் தச்சர் அந்தக் கிட்டாரை நுணுகி ஆராய்ந்தார். அப்போது ஆரம்பித்த முயற்சி, கிட்டார் மேல் கிட்டாராகச் செய்து செய்து, 1937-ல்தான் பலித்தது. அந்த வருஷத்து வாத்தியத்தைக் கையில் வாங்கிய ஸெகோவியா, அடுத்த கால் நூற்றாண்டு வரையில் அதையே தம் கச்சேரிகளில் வாசித்தார். பதின்மூன்று வருஷம் ஒரு மரப்பெட்டியின் குரலைத் துரத்திக்கொண்டே போன மனிதரை என்னவென்று சொல்வது! இரண்டு வாத்தியங்களும் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் பொருட்காட்சிசாலையில் இருக்கின்றன.

தந்திகளின் கதை வேறு. இரண்டாவது உலக மகாயுத்தம் வரையில் மேல்தந்திகள் ஆட்டுக்குடலைத் திரித்துச் செய்தவை. மழைக்காலத்தில் சுருதி நிலைக்காது, நடுக் கச்சேரியில் அறும். யுத்தத்தில் காயங்களைத் தைப்பதற்குக் குடல் நரம்பு தேவைப்பட்டதால், வித்வான்களுக்குக் கிடைப்பது அரிதாயிற்று. அந்தச் சமயத்தில் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்ற கிட்டார்த் தச்சர் நைலான் இழையைப் பரீட்சித்துப் பார்த்து, யுத்தம் முடிந்த சில வருஷங்களில் நைலான் தந்திகளைக் கடைக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு குடலை நாடுவோர் சிலரே.

இனி, முதுகு மரத்துக்கு வருவோம். அட்டையிலும் நாதம் எழும் என்று தோரஸ் காட்டிவிட்டாரே தவிர, ரஸிகர்களின் மனம் அட்டையில் திருப்தியடையவில்லை. பிரேஸில் நாட்டு ரோஸ்வுட் மரந்தான் உயர்ந்தது என்பது ஒரு மதம்போல் பரவிற்று. கருஞ்சிவப்பில் சிலந்தி வலையைப்போல் ரேகைகள் ஓடும் அந்த மரம் கண்ணுக்கு மகா அழகு, சந்தேகமில்லை. வெட்டி வெட்டிக் காடு குறைந்தது. 1960-களின் இறுதியில் பிரேஸில் அரசாங்கம் அதைக் கட்டையாக ஏற்றுமதி செய்வதைத் தடுத்தது. 1992-ல் சர்வதேச ஒப்பந்தமும் அதன் வர்த்தகத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. உடனே கிட்டார்ப் பட்டறைகளின் பார்வை எங்கே திரும்பிற்று? நம் பக்கந்தான். கூடலூரிலும் வயநாட்டிலும் குடகிலும் வளரும் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் நாம் அழைப்பது, அதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஸ்பெயினிலும் அமெரிக்காவிலும் செய்த எண்ணற்ற கிட்டார்களின் முதுகு நம் மேற்குத்தொடர்ச்சி மலையில் வளர்ந்தது என்பதை அறியும்போது நமக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஈட்டி முதிர்வதற்கு ஒரு தலைமுறை போதாது. அதுவும் அழிவுக்கு ஆளாகக்கூடிய மரங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. 2017-ல் அந்தக் குடும்பத்து மரங்கள் யாவற்றுக்கும் சர்வதேசக் கட்டுப்பாடு வந்தது; 2019-ல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள்.

இவ்வளவு விலை கொடுக்கிறோமே, காது உண்மையிலேயே அந்த மரத்தைக் கேட்கிறதா? இங்கிலாந்தில் லங்காஸ்டர் சர்வகலாசாலையார் நடத்தி, 2018-ல் வெளியிட்ட பரீட்சை ஒன்று இதற்குப் பதில் சொல்ல முயன்றது. மற்றெல்லாம் ஒன்றாக வைத்து, முதுகுக்கும் பக்கங்களுக்கும் மட்டும் வெவ்வேறு மரம் போட்டு ஆறு கிட்டார்கள் செய்தார்கள். பிரேஸில் மரமும் நம் ஈட்டியும் அவற்றில் உண்டு. விலை மலிந்த மரங்களும் உண்டு. எது எதுவென்று பார்வைக்குத் தெரியாதபடி 52 பேர் வாசித்து மதிப்பிட்டார்கள். ஆறுக்கும் மதிப்பு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது! அவை எஃகுத் தந்தி பூட்டிய கிட்டார்கள். நைலான் தந்திக் கிட்டாருக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல நாம் துணியவில்லை. ஆனாலும் அட்டைக் கிட்டாரின் பக்கம் ஒரு சாட்சி கூடியிருக்கிறது. பழைய சாட்சி ஒன்றும் உண்டு. தற்காலக் கிட்டார் வாசிப்புக்குத் தந்தை என்று போற்றப்படும் பிரான்ஸிஸ்கோ தாரெகா, தம் வாலிபப் பிராயத்தில் 1869-ல் தோரஸிடம் வாங்கிப் பல்லாண்டு காலம் நெஞ்சோடு அணைத்து வாசித்த வாத்தியத்தின் முதுகு, ரோஸ்வுட் அல்ல. மேப்பிள் என்னும் வெளிறிய மரம்.

அந்தாலூஸியாவின் பிளமெங்கோ பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர்களோ சைப்ரஸ் மரக் கிட்டாரையே எடுத்துக்கொண்டார்கள். அது உள்ளூரில் கிடைத்தது, விலையும் மலிவு. எடை குறைந்த அந்த வாத்தியம் மீட்டியவுடன் ‘சுரீ’ரென்று பேசிவிட்டு அடுத்த ஸ்வரத்துக்கு வழி விட்டுவிடும். குதிகாலால் தரையை உதைத்து ஆடும் ஆட்டத்துக்கு நடுவே வேறு எந்தக் குரல் எடுபடும்? ஏழைகளின் மரமாக இருந்த சைப்ரஸை இன்று பிளமெங்கோ வித்வான்கள் தேடி வாங்குகிறார்கள். ஈட்டி முதுகுள்ள கிட்டாரைக் கொடுத்தாலும், இது வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பவர்கள் அவர்களில் இருக்கிறார்கள்.