ஒழுகுற தளத்துக்கு ரெண்டே மழைக்காலம்தான் கெடு

2023 டிசம்பர் 17, 18 மழையை நம்ம மாவட்டத்துக்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டீங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். விளாத்திகுளம் பக்கத்துல எங்க சித்தி அந்த வருஷம் வைகாசியிலதான் புது வீட்டுல பால் காய்ச்சிக் குடிபோனாங்க. அந்த மழையில அடுப்படிக்கு மேல தளம் சொட்ட ஆரம்பிச்சது. வீடு கட்டிக் கொடுத்தவர் வந்து பாத்துட்டு, "இந்த மழைக்கு யார் வீடுதான் ஒழுகாது? தை பொறக்கட்டும், பூசித் தாரேன்"னு சொன்னார். தை பொறந்தது, பூசினார். அடுத்த ஐப்பசியில மறுபடி ஒழுகுச்சு. மறுபடியும் "தை பொறக்கட்டும்".

போன செப்டம்பர்ல ஹாஸ்டல்ல உக்காந்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் படிச்சப்பதான் எனக்குப் பக்குன்னு ஆச்சு. சட்டத்தோட 69-வது பிரிவுப்படி குறை தெரிஞ்ச நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் கொடுத்தாகணும். அவர் "செஞ்சு தாரேன்"னு வாயால சொல்லிக்கிட்டே இருக்கிறதாலயோ, நாம கடிதம் போட்டுக்கிட்டே இருக்கிறதாலயோ இந்தக் கெடு நீளாது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினா மன்னிக்கலாம்னு ஒரு வழி இருக்கு. அதை நம்பி உக்காரக் கூடாது. வருஷம் முழுக்க மழை பெய்யிற ஊர்ல ரெண்டு வருஷம்ங்கிறது நிறைய அவகாசம். வானம் பார்த்த கரிசக் காட்டுல அது ரெண்டே ரெண்டு மழைக்காலம். அதுல ஒண்ணு பொய்ச்சாக் கேக்கவே வேண்டாம்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துருவோம். "அஞ்சு வருஷம் கட்டினவர்தான் பொறுப்பு, சட்டமே இருக்கு"ன்னு நிறைய பேர் சொல்வாங்க. அது 2016-ல வந்த ரியல் எஸ்டேட் சட்டம், 14-வது பிரிவு. வீட்டை ஒப்படைச்ச நாள்ல இருந்து அஞ்சு வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரியவந்தா, 30 நாளுக்குள்ள காசு வாங்காம சரி பண்ணிக் கொடுக்கணும்னு அது சொல்லுது. ஆனா அது அடுக்குமாடி, மனைப்பிரிவு போட்டு விக்கிற புரமோட்டருக்கு. உங்க சொந்த மனையில, சதுர அடிக்கு இவ்வளவுன்னு பேசி ஒருத்தர்கிட்ட வீடு கட்டினா அந்த அஞ்சு வருஷம் தானா வராது. வேணும்னா ஒப்பந்தத்துல நீங்களே எழுதிக்கலாம். எழுதுறதுக்கு யாரும் தடை சொல்லல, எழுதத்தான் நமக்குக் கூச்சம். "தெரிஞ்ச மனுஷன்கிட்ட எப்படிப்பா பேப்பர் நீட்டுறது?"ன்னு சித்தப்பா இன்னைக்கும் கேக்கறார்.

அப்ப சித்தி மாதிரி ஆளுங்களுக்கு என்ன வழி? 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். வீடு கட்டிக் கொடுக்கிறதும் 'சேவை'ன்னு உச்ச நீதிமன்றம் 1993-ல லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்குல சொல்லியாச்சு. 2019 நுகர்வோர் சட்டம் அதைத் தன் வரையறையிலேயே வச்சிருக்கு. ஆக பேப்பர் இல்லேன்னாலும் வழக்கு உண்டு, நிரூபிக்கிறதுதான் கஷ்டம். ஜிபே-ல பணம் போட்ட வரலாறு, "பத்து வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு அவர் அனுப்பின வாட்ஸ்அப் குரல் பதிவு, ஒழுகும்போது எடுத்த வீடியோ எல்லாத்தையும் அழிக்காம வையுங்க. 2024 ஜூலையில நடைமுறைக்கு வந்த புது சாட்சியச் சட்டத்துல இந்த மாதிரி மின்னணுப் பதிவுக்கு ஒரு சான்றிதழ் கேப்பாங்க, அது 63-வது பிரிவு.

ஒரு நுணுக்கம், நம்ம ஊருக்கு ரொம்பவே பொருந்தும். சாமான் எல்லாம் நாமே வாங்கி, கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் நாள் சம்பளம் கொடுத்து, "இங்க இப்படிப் பூசு"ன்னு நாமே நின்னு வேலை வாங்கினா, அது 'தனிப்பட்ட பணி ஒப்பந்தம்'னு எதிர்த்தரப்பு வாதாடலாம். அந்த வகையைச் சட்டம் சேவையில சேர்க்கல. சதுர அடி ரேட்டுக்கு வேலையை ஒருத்தர் பொறுப்புல ஒப்படைச்சிருந்தா இந்தச் சிக்கல் வராது, லேபர் காண்ட்ராக்டா இருந்தாலும் சரி.

வாட்டர்ப்ரூஃபிங் டப்பா மேல பெருசா போட்டிருக்கிற 'பத்து வருட வாரண்டி'யைப் பத்தியும் சொல்லணும். பெரும்பாலும் அது பொருளுக்கு மட்டும்தான், பூசின கூலிக்கு இல்ல. எத்தனை கோட், யார் பூசினது, பில் எங்க, இத்தனையும் கேப்பாங்க. கட்டடம் அசைஞ்சு வர்ற வெடிப்பு சேராதுன்னு பொடி எழுத்துல இருக்கும். கரிசமண்ணு மழையில ஊதி, கோடையில சுருங்கி, ஒரு ஆள் கை நுழையிற அளவுக்குப் பாளம் பாளமா வெடிக்கும். அஸ்திவாரத்துல சறுக்கினா தளத்துல கீறல் விழத்தான் செய்யும். அதனால இங்க அந்தப் பொடி எழுத்து ஒண்ணே வாரண்டி முழுசையும் முழுங்கிரும். "கரிசமண்ணுங்க, நான் என்ன பண்ண?"ன்னு காண்ட்ராக்டர் சொன்னா மட்டும் விடாதீங்க. மண்ணு என்னன்னு தெரிஞ்சுதானே ரேட்டு பேசினார்?

நாம சிவில் படிக்கிறோம், அதனால ஒப்பந்தத்துல சட்ட வார்த்தையை விட ஐ.எஸ். 456 வார்த்தையை எழுதிட்டா பாதி வேலை முடிஞ்சது. "தரமா கட்டணும்"னு எழுதினா நீதிபதி எதை வச்சு அளப்பார்? எம்20 கான்கிரீட், தண்ணி-சிமெண்ட் விகிதம் 0.55-க்கு மேல போகக் கூடாது, 4.5 மீட்டர் வரைக்கும் உள்ள தளத்துக்கு முட்டுக்கால் ஏழு நாள் நிக்கணும், அதுக்கு மேலன்னா 14 நாள்னு எழுதுங்க. 2000-ஆம் வருஷத்து அந்த விதிநூலே சூடான, வறண்ட இடத்துல குறைஞ்சது பத்து நாளும், பிபிசி மாதிரி கலப்பு சிமெண்டுன்னா 14 நாளும் க்யூரிங் சொல்லுது. விளாத்திகுளம் வெயிலுக்கு 14 நாள்தான். மொட்டைமாடியில பாத்தி கட்டித் தண்ணி நிறுத்த டேங்கர் யார் கொண்டாரதுன்னும் எழுதிருங்க. தகராறு முக்கால்வாசி அங்கதான் ஆரம்பிக்குது.

அப்புறம், மழைக்குக் காத்திருக்காதீங்க. தட்டோடு பதிச்சு முடிச்சதும் தண்ணி போற ஓட்டையை அடைச்சு ரெண்டு நாள் தண்ணி தேக்கிப் பாருங்க. அதுல தேறின பிறகுதான் கடைசித் தவணை. அதுலயும் கொஞ்சம் அடுத்த கார்த்திகை முடியிற வரைக்கும் கையில இருக்கணும்னு எழுதுங்க. "தாமதமானா தினம் ஆயிரம் அபராதம்"னு எழுதலாம்தான். ஆனா 74-வது பிரிவுப்படி நியாயமான நஷ்டஈடுதான் கிடைக்கும். எழுதின தொகை அதுக்கு உச்சவரம்பு, அவ்வளவே.

புகார் கொடுக்கிறது நீங்க நினைக்கிற மாதிரி மலையைப் புரட்டுற வேலை இல்ல. கொடுத்த தொகை 50 லட்சம் வரைக்கும் மாவட்ட ஆணையம், நமக்குத் தூத்துக்குடி. அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்ல, ஆன்லைன்லயும் போடலாம். காண்ட்ராக்டர் எந்த ஊர்க்காரரா இருந்தாலும் நீங்க குடியிருக்கிற இடத்துலயே போட 2019 சட்டம் இடம் கொடுக்குது. 1915-க்கு போன் பண்ணினா தகவல் சொல்வாங்க. உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாசத்துல இருந்து மூணு வருஷம் வரைக்கும் சிறைத்தண்டனையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, ரெண்டுமோ உண்டு.

சித்தி பேர்ல நான் ஒரு பக்கத்துல நோட்டீஸ் எழுதி ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பினேன். தேதி, கொடுத்த பணம், ஒழுகின நாட்கள், 15 நாள் கெடு, அவ்வளவுதான். நாலாம் நாளே அண்ணாச்சி ரெண்டு ஆளோட வந்துட்டார். கோபம்தான், ஆனா வந்தார். தண்ணி கட்டிப் பாத்ததுல, டேங்க் பைப் இறங்குற இடத்துல அடைப்பு சரியில்ல, வாட்டம் வேற எதிர்ப்பக்கமா இருக்கு. தட்டோட்டைப் பேத்து வாட்டம் எடுத்து மறுபடி பதிச்சிருக்கார். இந்த வேலைக்கு அஞ்சு வருஷம் பொறுப்புன்னு ஒரு வெள்ளைத்தாள்ல எழுதி, சித்தப்பா கூச்சப்பட்டுக்கிட்டே கையெழுத்து வாங்கினார்.

பழைய பாக்கி 12,000 ரூபாய் இன்னும் சித்தி பீரோவுலதான் இருக்கு. புகார் மனுவும் டைப் பண்ணித் தயாரா இருக்கு. இது எழுதும்போது கார்த்திகை நடக்குது, மழை இன்னும் சரியா விழல. டிசம்பர் முதல் வாரம் வரைக்கும் பாத்துட்டு, இல்லேன்னா மறுபடியும் ஓட்டையை அடைச்சு நாங்களே தண்ணி கட்டிப் பாக்கப் போறோம்.