ஒரு மாத்திரை, உள்ளே மூன்று மருந்து

என் ஊர் கெப்பாலா பத்தாஸ். மலாய் மொழியில் 'கெப்பாலா' என்றால் தலை. ஊர்ப் பெயரிலேயே தலை இருப்பதாலோ என்னவோ, எங்கள் வீட்டில் தலைவலிக்குப் பஞ்சமே இருந்ததில்லை. நான் மருத்துவர் அல்ல, அறிவிப்பாளர். மருத்துவரிடம் நீங்கள் கேட்கத் தயங்குவதைக் கேட்பதுதான் என் வேலை. அந்தக் கேள்விகளை என் பெரியம்மாவுக்காக நானே கேட்க வேண்டி வந்தது.

பெரியம்மா தையல்காரர். நாள் முழுக்கக் கழுத்தைக் குனிந்து வேலை. மாலையானால் தலையைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டியதுபோல் இரு பக்கமும் வலிக்கும். வாந்தி இருக்காது, நடந்தால் வலி கூடாது. இதைத்தான் டென்ஷன் தலைவலி என்கிறார்கள். மனக்கவலை, தூக்கக் குறைவு, கழுத்துத் தசை இறுக்கம் எல்லாம் இதைத் தூண்டும்.

அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் ஒருவர், தமக்கு மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைப் போத்தலைப் பாசத்தோடு பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். போட்டதும் வலி பறந்தது. முதலில் வாரம் ஒன்று, பிறகு நாளுக்கு ஒன்று, பிறகு இரண்டு. நடுவில் பனடோலும் உண்டு. "அது வேற மருந்து, இது வேற மருந்துதானே?" என்பார். சில மாதங்களில், காலையில் கண் விழிக்கும்போதே தலைவலி!

போத்தலோடு மருத்துவரிடம் போனோம். அவர் லேபிளைப் படித்துக் காட்டினார். ஒரு மாத்திரைக்குள் மூன்று மருந்துகள். பியூட்டல்பிட்டால் 50 மில்லிகிராம், பாராசித்தமோல் 325 மில்லிகிராம், காஃபின் 40 மில்லிகிராம். பாராசித்தமோல் வலியைக் குறைக்கிறது. காப்பியில் இருக்கும் அதே காஃபின், வலி மருந்தின் வேகத்தைக் கூட்டுகிறது. பியூட்டல்பிட்டால், பார்பிட்டுரேட் வகையைச் சேர்ந்தது. நரம்புகளை அமைதிப்படுத்தும், தூக்கம் வரவைக்கும், பழக்கமாகவும் ஆகிவிடும். மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேர்ந்தால் மூச்சையே மந்தமாக்கும். நீண்ட நாள் போட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அதனால் பெரியம்மாவுக்கு ஒரே நாளில் நிறுத்தாமல், மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்தார்கள்.

பனடோலும் பாராசித்தமோல்தான். பெயர் வேறு, பெட்டி வேறு, மருந்து ஒன்றே. ஆரோக்கியமான பெரியவருக்கு 24 மணி நேரத்தில் 4000 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. கல்லீரல் கோளாறு உள்ளவருக்கும் மது அருந்துபவருக்கும் அதனினும் குறைவு.

"எங்கள் வீட்டில் அமெரிக்க மாத்திரை இல்லையே" என்கிறீர்களா? நம் பக்கத்தில் தலைவலிக்கும் தசை இறுக்கத்திற்கும் தரப்படும் கலவை மாத்திரை ஒன்றில் ஓர்பினாட்ரின் 35 மில்லிகிராமும் பாராசித்தமோல் 450 மில்லிகிராமும் உண்டு. ஒரு வேளைக்கு இரண்டாக, நாளைக்கு மூன்று வேளை போட்டால் 2700 மில்லிகிராம் பாராசித்தமோல். இடையில் 500 மில்லிகிராம் பனடோல் நான்கு போட்டால் இன்னும் 2000. மொத்தம் 4700. வரம்பு தாண்டிவிட்டது! மிகுதியான பாராசித்தமோல் கல்லீரலைக் கெடுக்கும். முதல் நாளில் எந்த அறிகுறியும் காட்டாமலும் இருக்கலாம். ஓர்பினாட்ரினால் வாய் வறளும், தூக்கம் வரும். கண் அழுத்த நோய், புரோஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

தினமும் காலையில் வந்த தலைவலிக்குக் காரணம்? மாத்திரையே! கலவை மாத்திரையை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, வெறும் பாராசித்தமோலை 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து போட்டால் மருந்தே தலைவலியை உண்டாக்கலாம் என்பது அனைத்துலகத் தலைவலி வகைப்பாடு சொல்லும் கணக்கு. வலி வருகிறதென்று மாத்திரை, மாத்திரையால் மீண்டும் வலி. செக்குமாடு சுற்றுவதுபோல்தான்.

ஆகவே, கிளினிக்கில் மருந்துப் பொட்டலத்தை வாங்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இதில் என்னென்ன மருந்து கலந்திருக்கிறது? வீட்டில் இருக்கும் எந்த மருந்தோடு இதைச் சேர்க்கக்கூடாது? மாதத்தில் எத்தனை நாளுக்கு மேல் போடக்கூடாது? லேபிளில் 'பிலா பெர்லு' என்றிருந்தால் 'தேவைப்பட்டால்' என்றுதான் பொருள். தினமும் என்று பொருளல்ல. மாத்திரை போட்ட நாளை நாட்காட்டியில் வட்டமிடுங்கள்.

திடீரென இடி விழுந்ததுபோல் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல், தலையில் அடிபட்ட பின் வலி, 50 வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கும் தலைவலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரையைத் தேடாதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பெரியம்மா இப்போது மணிக்கொரு முறை தையல் இயந்திரத்தை விட்டு எழுந்து கழுத்தை அசைக்கிறார். தலைவலி அடியோடு போய்விடவில்லை. ஆனால் நாட்காட்டியில் வட்டங்கள் குறைந்துவிட்டன. யாராவது அன்போடு மாத்திரை நீட்டினால், "இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று முதலில் கேட்கிறார். நீங்களும் கேளுங்கள்.