கனத்த படகின் வேகக் கணக்கு

உலகைச் சுற்றும் முதல் விட்பிரெட் பாய்மரப் படகுப் போட்டி 1973 செப்டம்பர் 8 அன்று இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் தொடங்கியது. கேப்டவுன், சிட்னி, ரியோ டி ஜெனிரோ என்று தொட்டு மறுபடி போர்ட்ஸ்மத்துக்கே திரும்ப வேண்டும். வந்திருந்தவர்களில் பிரெஞ்சுக் கடற்படைக்காரரான எரிக் தபார்லி இருந்தார். பாராசூட் படைவீரர்களைத் தேர்ந்தெடுத்து அழைத்துவந்த பிரிட்டனின் சே பிளைத் இருந்தார். மெக்சிகோவிலிருந்து வந்த ரமோன் கார்லினோ சலவை இயந்திரம் செய்து விற்ற தொழிலதிபர். அவர் பாய்மரம் பழகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மனைவி, மகன், உறவினர், நண்பர்கள், கூடவே கடல் தெரிந்த சில வெளிநாட்டு இளைஞர்கள்தான் அவருடைய குழு. அடுத்த ஏப்ரலில் கோப்பை அவர் கைக்குத்தான் போனது.

இந்தக் கதையைத் துணிச்சலின் கதையாகவே சொல்வார்கள். துணிச்சல் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படகின் எடைக்கும் நீளத்துக்கும் தண்ணீர் விதித்த விதிக்கும் இந்த வெற்றியில் பெரிய பங்கு உண்டு. அதைப் பற்றிப் பேசுபவர்கள்தான் குறைவு.

கார்லினின் சயூலா 2 பின்லாந்தின் நாவ்டார் பட்டறையில் உருவான கண்ணாடி இழைப் படகு. 65 அடி நீளம், 25 டன்னுக்கு மேல் எடை. நகரும் படகு எதுவும் தன் மூக்கருகே ஓர் அலையை எழுப்பும். வேகம் கூடக்கூட அந்த அலையின் முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையிலான தூரம் நீளும். ஒரு கட்டத்தில் முன் முகடு மூக்கிலும் பின் முகடு வாலிலும் வந்து நிற்க, படகு இரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் உட்கார்ந்துவிடும். இனி வேகம் வேண்டுமென்றால் தானே எழுப்பிய அலையின் மேட்டில் அது ஏற வேண்டும். 1870களில் டார்கி நகரில் தொட்டி கட்டி, மாதிரிப் படகுகளை இழுத்துப் பார்த்து இந்த அலைத்தடையை அளந்தவர் வில்லியம் ஃப்ரூட். நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அந்த எல்லை நாட் கணக்கில் கிடைக்கும். சயூலாவின் நீளம் நீர்மட்டத்தில் சுமார் 47 அடி. ஆக எல்லை 9 நாட்டுக்குச் சற்று மேல், மணிக்கு சுமார் 17 கிலோமீட்டர்.

இலேசான படகு இந்த மேட்டில் ஏறி, நீரின் மேல் சறுக்கத் தொடங்கிவிடும். கனத்த படகால் அது எளிதில் ஆகாது. பெரிய அலையின் சரிவில் இறங்கும்போது மட்டும் கொஞ்ச நேரம் எல்லையைத் தாண்டும். இதைக் குறையாகவே பார்த்துப் பழகியிருக்கிறோம். கற்றுக்குட்டிக் குழுவின் பக்கத்திலிருந்து பாருங்கள். நல்ல காற்று அடித்தால் கனத்த படகு தன் எல்லையை எப்படியும் தொட்டுவிடும். அதற்கு மேல் உலகின் தலைசிறந்த மாலுமி வந்து பாயைத் திருத்தினாலும் கூடுவது சொற்பம். சறுக்கும் படகில் அப்படியில்லை, அங்கே திறமைக்குத் தகுந்தாற்போல் வேகம் ஏறிக்கொண்டே போகும். கனத்த படகு திறமைசாலிக்கும் மற்றவருக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

காற்று குறைந்தால் கதை மாறும். அப்போதுதான் பாயில் கட்டியிருக்கும் கம்பளி நூல்களைக் கண் கொட்டாமல் பார்க்க வேண்டும். முன்பாயின் விளிம்பருகே இருபுறமும் ஒரு சாண் நூல் தொங்கும். இரண்டும் பின்னோக்கி நேராகப் பறந்தால் காற்று பாயை ஒட்டி ஓடுகிறது என்று பொருள். காற்று மோதும் பக்கத்து நூல் துள்ளினால் பாய் தளர்ந்திருக்கிறது, கயிற்றை இழுக்க வேண்டும். மறுபக்கத்து நூல் துவண்டால் இழுத்தது அதிகம், விட வேண்டும். இரவிலும் டார்ச் அடித்து இதைப் பார்த்துக்கொண்டே இருக்க மேதை தேவையில்லை. சோர்ந்துபோகாத, வயிறு நிறைந்த ஆட்கள் தேவை. சயூலாவில் நல்ல சாப்பாடும் ஒயினும் இருந்ததைப் பலர் ஆடம்பரம் என்று எழுதினார்கள். அதுவும் போட்டித் தயாரிப்புதான்.

பெரிய படகுக்கு வேக எல்லை இயல்பாகவே அதிகம். அதனால் நீளம், பாய்ப் பரப்பு போன்றவற்றை வைத்து ஒவ்வொரு படகுக்கும் நேரத்தைத் திருத்தும் சலுகைக் கணக்கு ஒன்று உண்டு. பிளைத்தின் 77 அடிப் படகு சுமார் 144 நாளில் சுற்றி முடித்தது. சயூலா 152 நாள் எடுத்துக்கொண்டது. ஆனால் சலுகைக் கணக்கில் திருத்திய அதன் நேரம் 133 நாட்களும் சில மணிகளும், கோப்பை வந்தது அதனால்தான். தபார்லியின் பென் டுயிக் 6 படகுக்குப் பாய்மரம் இரண்டு முறை முறிந்துபோனது. வேகமான படகுதான், ஆனால் ஓடினால்தானே வேகம்?

கேப்டவுனுக்கும் சிட்னிக்கும் இடையே, நவம்பர் பிற்பகுதியில், தென்கடலின் ஓர் அலை சயூலாவைப் புரட்டிப் போட்டது. பாய்மரங்கள் நீருக்குள் போயின. உள்ளே படுத்திருந்தவர்கள் தூக்கி எறியப்பட்டுக் காயம்பட்டார்கள். அடியில் தொங்கும் கனமான கீல் படகை இழுத்து மறுபடி நிமிர்த்தியது. பாய்மரங்கள் முறியவில்லை, அவர்கள் ஓட்டத்தைத் தொடர்ந்தார்கள். அந்தப் போட்டியில் வேறு படகுகளிலிருந்து மூன்று பேரைக் கடல் கொண்டுபோனது. தேர்ந்த மாலுமிகளையும் அது விட்டுவைக்கவில்லை.

படகு கவிழ்வதை அறிவியல் இன்னும் நெருக்கமாக ஆராய்ந்தது 1979 ஃபாஸ்ட்நெட் போட்டிக்குப் பிறகுதான். 303 படகுகள் புறப்பட்ட அந்தப் போட்டியில் புயலில் சிக்கி 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். அதன்பின் தொட்டியில் மாதிரிப் படகுகளின் பக்கவாட்டில் அலையை உடைத்துப் பார்த்தார்கள். எடை எவ்வளவு என்பதோடு, அது எவ்வளவு பரவியிருக்கிறது என்பதும் முக்கியம் என்று தெரிந்தது. கழைக்கூத்தாடியின் கையிலுள்ள நீண்ட கழி அவர் சட்டென்று சாயாமல் தடுக்கிறதல்லவா, அந்த வேலையை இங்கே உயரத்திலிருக்கும் பாய்மரமும் ஆழத்திலிருக்கும் கீலும் செய்கின்றன. உடைந்த அலை அடித்துவிட்டுப் போவது ஒரு நொடியில். மெதுவாகச் சாயும் படகு முழுதாகப் புரள்வதற்குள் அலை கடந்துவிடும். பாய்மரத்தை இழந்த படகு அடுத்த அலைக்கு இன்னும் எளிதாகப் புரளும் என்பதும் அந்தச் சோதனைகளில் தெரிந்தது. மேலே இருந்த எடை போனால் பாதுகாப்பு கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

முதல் போட்டியின் ஐம்பதாம் ஆண்டில், 2023 செப்டம்பரில், ஓஷன் குளோப் என்ற பெயரில் அதே மாதிரிப் போட்டி சவுத்தாம்ப்டனிலிருந்து புறப்பட்டது. பழைய படகுகள், ஜிபிஎஸ் இல்லை, செக்ஸ்டன்ட் கருவி கொண்டுதான் இருக்குமிடத்தைக் கணிக்க வேண்டும். சயூலாவின் ரகத்தைச் சேர்ந்த ஸ்வான் 65 படகுகள் பல அதில் ஓடின. கடைசிக் கட்டத்தில் முதலில் வந்து சேர்ந்தது பென் டுயிக் 6, செலுத்தியவர் தபார்லியின் மகள் மரீ. திருத்திய நேரத்தில் கோப்பையை வென்றது முழுக்கப் பெண்களே ஓட்டிய மெய்டன்.