ஸ்வாதெப்கா

ஸ்வாதெப்கா என்பது உருசிய இசையமைப்பாளர் இகோர் ஸ்ட்ராவின்ஸ்கி (1882–1971) நான்கு தனிக்குரல்கள், சேர்ந்திசைக் குழு, நான்கு பியானோக்கள், தாளக்கருவிகள் ஆகியவற்றுக்காக எழுதிய இசைப்படைப்பு ஆகும். திருமணத்தைக் குறிக்கும் உருசியச் சொல்லின் செல்ல வடிவமே இப்பெயர். மேற்கு நாடுகளில் 'லே நோஸ்' என்ற பிரெஞ்சுப் பெயரால் அறியப்படுகிறது. முதலில் நடனத்துடன் மேடையேறிய இப்படைப்பு, இன்று நடனமின்றிச் சேர்ந்திசைக் கச்சேரிகளிலும் பாடப்படுகிறது. இடைவெளியின்றி ஏறத்தாழ 25 நிமிடங்கள் நீளும்.

பின்னணி

1914 சூலையில் ஸ்ட்ராவின்ஸ்கி உஸ்திலூக், கீவ் ஆகிய ஊர்களுக்குச் சென்று நாட்டுப்புறப் பாடல் நூல்களைத் திரட்டிக்கொண்டு சுவிட்சர்லாந்து திரும்பினார். சில வாரங்களில் முதல் உலகப்போர் மூண்டது. 1917இல் புரட்சி வந்தது. அதன்பின் அவர் தாய்நாட்டு மண்ணை மிதித்தது 1962இல்தான். பியோத்தர் கிரியேவ்ஸ்கி 19ஆம் நூற்றாண்டில் தொகுத்த திருமணப் பாடல்களிலிருந்தே இப்படைப்பின் சொற்கள் எடுக்கப்பட்டன. திரும்பிப் போக இயலாத ஊரின் கல்யாணத்தை அவர் காகிதத்தில் நடத்தினார் எனலாம்.

அமைப்பு

படைப்பு நான்கு காட்சிகளைக் கொண்டது. முதற்காட்சியில் மணப்பெண்ணின் சடை பின்னப்படுகிறது. உருசியக் கிராம வழக்கில் கன்னிப்பெண்ணுக்கு ஒற்றைச் சடை. மணமானவளுக்கு இரட்டைச் சடை, அதன்மேல் தலைமறைப்பு. ஆகவே சடையைப் பிரிப்பது கன்னிப்பருவத்தைப் பறிகொடுப்பதாகவே கருதப்பட்டது. மணப்பெண் அப்போது அழுது புலம்ப வேண்டும் என்பது வழக்கம். அவளுக்கு உண்மையில் விருப்பமா இல்லையா என்பதை எவரும் கேட்பதில்லை, இசையும் கேட்பதில்லை.

இரண்டாம் காட்சி மணமகன் வீட்டில் நிகழ்கிறது. மூன்றாவது, மணப்பெண் பிறந்தகம் விட்டுப் புறப்படுவது. எல்லோரும் போனபின் இரு தாய்மாரும் புலம்புவதோடு அது முடிகிறது. நான்காவது விருந்து. குடியும் கேலியும் கூச்சலுமாக ஓடும் இக்காட்சியில், புதுமணத் தம்பதியரின் படுக்கையை முன்னதாகச் சூடாக்க வேறொரு தம்பதியர் அனுப்பப்படுகின்றனர்.

ஒரு பாத்திரத்துக்கு ஒரு குரல் என்ற கட்டுப்பாடு இங்கு இல்லை. மணமகனின் சொற்களை இரண்டாம் காட்சியில் டெனர் பாடுகிறார்; இறுதியில் பாஸ் பாடுகிறார். முதலில் மணப்பெண்ணுக்காக அழுத சோப்ரானோ குரலே விருந்தில் வாத்தாகவும் வருகிறது. தனிமனிதர்களை அல்ல, சடங்கையே முன்னிறுத்துவதால் இது பொருத்தமாக அமைகிறது.

மெட்டுகளில் பெரும்பாலானவை ஸ்ட்ராவின்ஸ்கியே புனைந்தவை. நாட்டுப்பாடலில் அவரைக் கவர்ந்தது வேறொன்று: பேச்சில் ஓரிடத்தில் விழும் அழுத்தம், பாடும்போது வேறு அசைக்கு நகரும். சிறு சொற்றொடர் திரும்பத் திரும்ப வரும்போதும் அழுத்தம் இடம்மாறுவதால் தாளம் நிலைகொள்ளாமல் துள்ளுகிறது. படைப்பின் நவீனத்தன்மை இந்தப் பழைய வழக்கிலிருந்தே பிறந்தது.

கருவிகளுக்கான தேடல்

குரல்பகுதி 1917இல் முடிந்தும், துணைக்கருவிகள் அமைய மேலும் ஆறாண்டுகள் ஆயின. முதலில் பெரிய இசைக்குழுவுக்கு எழுதத் தொடங்கிக் கைவிட்டார். 1919இல் தானியங்கிப் பியானோ, இரு சிம்பலம், ஆர்மோனியம், தாளக்கருவிகள் என முயன்றார். இயந்திரத்தையும் மனிதரையும் ஒரே தாளத்தில் இணைப்பது கடினம் என்பதால் இரு காட்சிகளோடு நின்றது. நான்கு பியானோ என்பது எளிய தீர்வாகத் தோன்றினாலும், பியானோவும் தட்டி ஒலிக்கும் கருவியே என்பதை நினைத்தால் அதன் கூர்மை விளங்கும்.

அரங்கேற்றம்

1923 சூன் 13 அன்று பாரிசில் தியாகிலெவின் நடனக் குழு இதை அரங்கேற்றியது. எர்னஸ்ட் ஆன்செர்மே இசையை நடத்தினார். நடனம் அமைத்தவர் பிரோனிஸ்லாவா நிஜின்ஸ்கா. நத்தாலியா கொஞ்சரோவா முதலில் வரைந்த வண்ணமயமான உடைகளை நிஜின்ஸ்கா ஏற்கவில்லை. பழுப்பும் வெள்ளையும் போதும் என்றார். 1926இல் இலண்டனில் விமர்சகர்கள் கடுமையாகச் சாடியபோது, எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் இப்படைப்பை ஆதரித்து எழுதினார்.

பிற்காலத்தில் திமித்ரி பக்ரோவ்ஸ்கியின் குழுவினர் கிராமங்களில் பாடல் கற்று, பயிற்சிபெற்ற ஆப்பெராக் குரலை விடுத்து, திறந்த தொண்டையில் பாடும் கிராமப் பாணியில் ஸ்வாதெப்காவைப் பாடிப் பதிவு செய்தனர். இறுதியில் மணமகனின் குரல் ஓய்ந்ததும், பியானோவும் மணியும் நீண்ட மௌனங்களுக்கிடையே ஒலித்து அடங்குகின்றன.